மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

"பத்து நிமிஷ வேலை மாமா. நீங்கல்லாம் கிளம்பி ரெடியா இருங்க, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று வளவன் சொன்னபோது, புளிசாதமும் தேங்காய் சாதமும் தயிர்சாதமும் டப்பாக்களில் அடங்கி, ஒரு பெரிய துணிப்பைக்குள் ஏறி, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆடிப்பதினெட்டு. அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் இரண்டே வகை. காவிரிக்கரையில் அம்மா மண்டபம் போய்விட்டு வந்தவர்கள், இனிமேல் போகப்போகிறவர்கள். செந்தமிழன் வீட்டார் இரண்டாவது வகை. மகள் யமுனாவுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. படித்துறையில் அவளுக்குப் புது மஞ்சள் கயிறு கட்டவேண்டும். கட்டிவிடுவதற்காகச் செந்தமிழனின் அக்கா சந்திரம்மாள் முந்தின நாளே லால்குடியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

கிளம்புகிற நேரத்தில்தான் செந்தமிழன் கையைப் பிசைந்துகொண்டு மருமகனிடம் வந்தார்.

"மாப்பிள்ளை, தொந்தரவா நெனைச்சுக்காதீங்க. போட்டோ வெக்க இடம் பத்தலைன்னு கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கினேன். உள்ள மாட்டியாச்சு. ஆனா காட்ட மாட்டேங்குது. நீங்க கம்ப்யூட்டர் எஞ்சினியரு. ஒரு பார்வை பாத்தீங்கன்னா போதும்."

செந்தமிழன் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முக்கொம்புக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பது அவருடைய இப்போதைய உத்தியோகம். ஒரே கொக்கை நாற்பது கோணத்தில் எடுப்பவருக்கு இடம் பற்றாமல் போனதில் ஆச்சரியமில்லை.

வளவனும் கம்ப்யூட்டர் எஞ்சினியர்தான். பொய்யில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில், எங்கேயோ இருக்கிற ஒரு இன்சூரன்ஸ்காரனின் வெப்சைட்டில் பட்டன்களை அழுத்திப் பார்த்து, எது வேலை செய்யவில்லை என்று எழுதிப் போடுவது அவன் வேலை. அவனுடைய லேப்டாப்புக்கு ஒன்று என்றால் ஒரு போன் செய்வான். யாரோ வந்து எடுத்துப்போய் யாரோ கொண்டுவந்து தருவார்கள். ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் இதுவரை பார்த்ததே இல்லை. டாக்டர் என்பதால் மாட்டுக்கும் பிரசவம் பார்க்கச் சொன்ன மாதிரிதான் இது.

'எனக்குத் தெரியாது மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், மூத்த மாப்பிள்ளை கலையரசன்.

கலையரசன் ஒருமுறை இந்த வீட்டுக்கு வந்தபோது கிணற்று மோட்டாரை ரிப்பேர் செய்தாராம். அன்று முதல் அவர் இந்த வீட்டில் மாப்பிள்ளை இல்லை, வீட்டுப் பிள்ளை. அடுப்படி வரைக்கும் போய் முறுக்கு டப்பாவைத் தானே திறக்கிற உரிமை உள்ளவர். வளவனோ போன தடவை வந்தபோது என்ன பேசுவது என்று தெரியாமல் மூன்று நாளும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஊருக்குக் கிளம்பும்போது சந்திரம்மாள் உள்ளே மாமியாரிடம் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

"தங்கமான புள்ளைதான். ஆனா விருந்தாளி மாதிரியே வந்துட்டு விருந்தாளி மாதிரியே போவுதே மகாலட்சுமி!"

அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்கு அந்தப் பெயரை மாற்றியே தீருவது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. பழைய டிஸ்க் தெரிந்தது, புதியது தெரியவில்லை. வளவன் தனக்குத் தெரிந்த முதல் வைத்தியத்தைச் செய்தான். நிறுத்தி மறுபடி போட்டான். தெரியவில்லை. தனக்குத் தெரிந்த இரண்டாவது வைத்தியத்தைச் செய்தான். அதுவும் நிறுத்தி மறுபடி போடுவதுதான்.

மாமியார் மகாலட்சுமி காபி கொண்டுவந்து வைத்தார். "எப்படி டக்கு டக்குன்னு தட்டுறாரு பாருங்க!" என்று பூரித்தார்.

"மாமா, இது உள் செட்டிங்ஸ்ல மாத்தணும்" என்றான் வளவன், போனில் படித்துக்கொண்டே.

செந்தமிழன் முகத்தில் ஒரு சின்னக் கலவரம். "செட்டிங்ஸா? அவ்வளவு தூரம் போகணுமா மாப்பிள்ளை? எதாச்சும் ஒயரு கியரு லூசா இருக்கப்போவுது..."

"ஒயரெல்லாம் சில்லறை விஷயம் மாமா. பிரச்சினை வேற லெவல்ல இருக்கு."

"ஆமாமா, வேற லெவல்லதான் இருக்கும்" என்று செந்தமிழன் உடனே பின்வாங்கினார். மாப்பிள்ளை ஒன்று சொல்லி, மாமனார் அதை மறுத்துப் பேசுவதா? அந்தத் தெருவில் அதுவரை நடந்ததில்லை.

கம்ப்யூட்டர் விழித்தெழும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் திறக்கிற அந்த உள் அறைக்குள் வளவன் நுழைந்தான். திரை முழுக்க ஆங்கில எழுத்துக்கூட்டங்கள். டிஸ்க் எந்த முறையில் இயங்கவேண்டும் என்று ஓரிடத்தில் கேட்டது. ஏதோ ஒன்று தேர்வாகி இருந்தது. அதற்குக் கீழே 'ரெய்டு' என்று ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்தாலே பலமாகத் தெரிந்ததால் அதைப் போட்டுச் சேமித்து வெளியே வந்தான்.

திரை நீலமாக மாறியது. அதன் நடுவே ஒரு சோக முகம். கீழே, உங்கள் கம்ப்யூட்டருக்குப் பிரச்சினை ஏற்பட்டுள்ளது என்று மரியாதையாக எழுதியிருந்தது.

"இது என்ன மாப்பிள்ளை, அழுவுது?" என்றார் சந்திரம்மாள், வாசற்படியில் இருந்து எட்டிப்பார்த்து.

"இப்படித்தான் அத்தை முதல்ல வரும்."

"நல்ல நேரம் போவுது செந்தமிழா. பேசாம அந்த..."

"அக்கா, நீங்க செத்த சும்மா இருங்க. மாப்பிள்ளை வேலையா இருக்காருல்ல" என்று செந்தமிழன் அவசரமாக வாயை அடைத்தார்.

வளவன் திரும்ப உள்ளே போனான். எதை மாற்றினோம், முன்னால் என்ன இருந்தது என்பது மட்டும் நினைவில் இல்லை. கம்ப்யூட்டர் எந்த டிஸ்க்கில் இருந்து முதலில் கிளம்பவேண்டும் என்ற வரிசையையும் கையோடு மாற்றிவைத்தான். இப்போது சோக முகம்கூட இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு கண்ணடித்துக்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு டிஸ்க்கே இல்லை என்று அது சத்தியம் செய்தது.

அரைமணி முன்பு இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க் தெரியவில்லை. இப்போது கம்ப்யூட்டரே தெரியவில்லை. மாமனாரின் அத்தனை கொக்கும் உள்ளே இருக்கிறதே என்று வளவன் பதறினான். படங்கள் அழியவில்லை, அவற்றுக்குப் போகிற வழிதான் அடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அடைத்தவன் அவன்.

"திறந்துதான் பாக்கணும் மாமா. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

செந்தமிழன் முகம் மலர்ந்தது. "இருக்கு, இருக்கு! திறந்து பாருங்க. அதுதான் சரி!" என்று ஓடிப்போய் ஸ்க்ரூ டிரைவரும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தார்.

பெட்டி திறந்தது. உள்ளே மதர்போர்டு, காற்றாடி, ஒயர்க் கூட்டம். கீழே இரண்டு டிஸ்க்குகள். பழைய டிஸ்க்கில் இருந்து கிளம்பிய ஒரு சிவப்பு ஒயர் மதர்போர்டில் ஒழுங்காகப் போய்ச் செருகியிருந்தது. புது டிஸ்க்கில் இருந்து கிளம்பிய இன்னொரு சிவப்பு ஒயரின் மறுமுனை அந்தரத்தில் தொங்கியது.

செந்தமிழன் டார்ச் வெளிச்சம் நேராக அந்தத் தொங்குகிற முனையில் போய் நின்றது.

"மாமா, லைட்டை இங்க காட்டுங்க, காற்றாடிகிட்ட."

வெளிச்சம் காற்றாடிக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் நழுவி மறுபடி ஒயருக்குப் போனது. அங்கிருந்து மதர்போர்டில் காலியாக இருந்த ஒரு செருகு வாய்க்குப் போனது. திரும்ப ஒயருக்கு வந்தது.

"உங்களுக்குக் கை ஆடுது மாமா. யமுனா, நீ வந்து பிடி."

யமுனா வந்து பிடித்தாள். அவள் கையும் அதே இடத்தில்தான் ஆடியது.

"ஏங்க, அந்தச் செவப்பு ஒயரு..." என்று ஆரம்பித்தாள்.

"யமுனா!" அடுப்படியில் இருந்து மகாலட்சுமியின் குரல் வந்தது. "உள்ள வா! அவரு வேலை அவருக்குத் தெரியும்."

வளவனும் அந்த ஒயரைக் கவனித்தான். கவனித்ததுதான் வினை. தொங்குகிற ஒயர் காற்றாடியில் சிக்கினால் ஆபத்து என்று எங்கேயோ படித்திருந்தான். மெதுவாக மறுமுனையையும் டிஸ்க்கில் இருந்து உருவி எடுத்தான்.

"இது சும்மா எக்ஸ்ட்ரா ஒயர் மாமா. கடைக்காரன் வேலையைப் பாருங்க, குப்பை மாதிரி உள்ள விட்டுட்டுப் போயிருக்கான்."

"குப்பைதான் மாப்பிள்ளை" என்றார் செந்தமிழன், ஈனசுரத்தில்.

சந்திரம்மாள் கைநீட்டி அதை வாங்கினார். சாதப் பையின் வாய் மூடாமல் புளிசாத டப்பா எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காதையும் சேர்த்து அந்த ஒயரால் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். "ஒண்ணுத்துக்கும் ஆவாததுன்னு எதுவும் கெடையாது" என்றார் திருப்தியாக.

அடுத்த ஒரு மணி நேரத்தில் வளவன் கழற்றாத பொருள் இல்லை. காற்றாடியைத் துடைத்தான். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் பெட்டியைக் கவிழ்த்தபோது இரண்டு ஸ்க்ரூக்களாக வெளியே வந்தன. தெருவில் ஆற்றுக்குப் போனவர்கள் ஈரத் தலையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வேலை செய்யும்போது மற்றவர்கள் கிளம்புவது மரியாதை இல்லை என்பதால் யாரும் கிளம்பவில்லை. ஆற்றங்கரையில் சாப்பிட வேண்டியதை வீட்டில் சாப்பிடவும் முடியவில்லை. சந்திரம்மாள் இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக வளவனுக்கு ஒரு யோசனை உதித்தது. பழைய டிஸ்க்கில் இருந்த ஒயரைப் பிடுங்கிப் புது டிஸ்க்கில் செருகிப் பார்த்தான். உள் அறைத் திரையில் புது டிஸ்க்கின் பெயர் பளிச்சென்று வந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினான்.

வீடே கூடியது. மகாலட்சுமி இரண்டு கையையும் கூப்பி, "ரங்கநாதா!" என்றார். செந்தமிழன் மருமகன் தோளைத் தட்டப்போய், மரியாதை கருதிக் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"பழையது எங்கங்க?" என்றாள் யமுனா.

பழையது போய்விட்டிருந்தது. ஒயரைப் பழையதுக்கு மாற்றினால் புதியது போனது. இருப்பது ஒரு ஒயர், டிஸ்க்கோ இரண்டு. வளவன் உண்மையை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டான்.

"மாமா, புரிஞ்சிடுச்சு. இன்னொரு ஒயர் வேணும். இதே மாதிரி, செவப்பு ஒயர். ஆனா இன்னைக்குக் கடையெல்லாம் லீவு. ஒண்ணும் பண்ண முடியாது."

செந்தமிழன், மகாலட்சுமி, யமுனா, சந்திரம்மாள் நால்வரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி வாசலில் இருந்த சாதப் பையைப் பார்த்தார்கள்.

வளவனும் பையைப் பார்த்தான். பாவம், எல்லோருக்கும் பசி. என்னால் ஒரு வாய் சாப்பிடவில்லை, ஆற்றுக்குப் போகவில்லை, பெண்டாட்டிக்குக் கயிறு மாற்றவில்லை. வாயைத் திறந்து ஒரு குறை சொன்னார்களா இந்த மனிதர்கள்? அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"மாமா, மன்னிச்சுடுங்க. எனக்கு இந்த வேலை தெரியாது. நான் ஆபீஸ்ல பாக்குறதே வேற. தெரியலைன்னு சொன்னா கேவலமா நெனைப்பீங்கன்னு... கலையரசன் அண்ணன் மாதிரி நானும் இந்த வீட்டுல ஒருத்தனா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். நல்லா இருந்த கம்ப்யூட்டரையும் கெடுத்துட்டேன்."

செந்தமிழனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, என்ன மாப்பிள்ளை இது! உங்க மேல என்ன தப்பு? தப்பெல்லாம் எங்க மேலதான்."

"ஆமாங்க மாப்பிள்ளை" என்றார் மகாலட்சுமி, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. "நாங்கதான் பண்ணியிருக்கக் கூடாது."

பெரிய மனது என்று நினைத்தான் வளவன். "நீங்க என்ன அத்தை பண்ணீங்க?"

மகாலட்சுமி கணவரைப் பார்த்தார். கணவர் உத்தரத்தைப் பார்த்தார். யமுனா டார்ச்சை அணைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் நழுவினாள்.

சந்திரம்மாள் அதற்குமேல் பொறுக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"ஏம்ப்பா செந்தமிழா, நேத்து ராத்திரி வரைக்கும் ரெண்டு டிஸ்க்கும் ஜம்முனு ஓடிக்கிட்டு இருந்துச்சு, மாப்பிள்ளைக்குக் கூச்சம் தெளியட்டும்னு புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஒயரைப் புடுங்கிவெச்சீங்க, அடுத்த தடவை அவருக்கு வேலை குடுக்கணும்னா நாலு தேங்கா உரிக்கக் குடுங்க, போதும்!"