ஒரு கமாவுக்குக் குடும்பமே சிபாரிசு

எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் தானாக நடந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மழை பெய்தால்கூட யாரோ யாரிடமோ சொல்லிவைத்திருப்பார்கள். காலேஜ் சீட்டு, கேஸ் கனெக்‌ஷன், காணிப்பாக்கத்தில் சீக்கிர தரிசனம் எல்லாவற்றுக்கும் சித்தூரில் இருக்கும் என் மாமாதான் ஆள். இந்த வழக்கத்தைக் கம்ப்யூட்டர் மொழியான பைத்தானின் உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியம் என்னுடையது.

எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கம்பெனியில் இன்டர்வியூ எடுத்தவர், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று திறந்துவைத்திருக்கும் ஏதாவது ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டில் என் புரோகிராம் கோடு சேர்ந்திருந்தால் காட்டச் சொன்னார். காட்டினால் வேலை எனக்குத்தானாம். எண்களை அழகாக எழுதித் தரும் ஒரு பைத்தான் லைப்ரரி அகப்பட்டது. (புத்தகசாலை இல்லை, எடுத்து உபயோகிக்கத் தயாராக இருக்கும் கோடு.) நம் ஊர் முறையில் லட்சத்தை எழுதச் சொன்னால் அது கமாவைத் தப்பான இடத்தில் போட்டது. திருத்தி அனுப்பினேன். அதன் பொறுப்பாளர் எங்கோ போலந்தில் இருக்கும் ஒரு பெண்மணி. (சம்பளம் கிடையாது. ஆசைக்குச் செய்கிறார்.) அவர் ஒப்புக்கொண்டால்தான் கோடு சேரும். பதிலே வரவில்லை.

புத்தூரில் வீட்டுக்குப் போனபோது என் முகத்தைப் பார்த்து நைனா விசாரித்தார். நீளமாக விளக்கினேன். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஃபைல் ஒரு அம்மாவிடம் நிற்கிறது.

"சும்மா குந்திக்கினு இருந்தா ஆவுமா? அந்தம்மாவுக்கு வேண்டியவங்க யாராச்சும் கீறாங்களான்னு மாமாவைக் கேக்கறேன்" என்றார்.

சிரித்துக்கொண்டே, யாரும் கருத்து எழுதக்கூடிய அந்தத் திருத்தப் பக்கத்தின் லிங்கை அவருக்கு அனுப்பிவைத்தேன். என் புத்தி அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது.

மறுநாள் ஹாஸ்டலில் லேப்டாப்பைத் திறந்தால், என் திருத்தத்துக்குக் கீழே உறவுக்காரர்கள் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஆரம்பித்துவைத்திருந்தார்: ‘மேடம், நம்ம பொண்ணு. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க.’ ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் கும்பிடும் கைகளாக வரிசையாகப் போட்டிருந்தான். வடமாலபேட்டை அத்தை, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல என் குணத்தைத் தெலுங்கில் விவரித்திருந்தார். (சமையல் உட்பட.) இதையெல்லாம் உலகமே படிக்கும். வேலையும் போச்சு, மானமும் போச்சு. கணக்கை அழித்துவிட்டு ராமகுப்பம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

அழிப்பதற்குள் அந்தம்மாவின் பதில் வந்துவிட்டது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஒவ்வொன்றையும் படித்திருக்கிறார். அத்தைக்குத் தனியாக ஒரு நன்றி. மாமாவுக்கு, இங்கே கோடு டெஸ்டில் பாஸானால் போதும், சிபாரிசு வேண்டாம் என்று மரியாதையாக ஒரு வரி. பிறகு எனக்கு:

‘பல வருஷமாக இந்த லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிறேன். நான் என்ன செய்கிறேன் என்று என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உங்கள் வீட்டைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. மைனஸ் எண்களுக்குச் சரியாக வருகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதவில்லையே? எழுதுங்கள், காத்திருக்கிறேன்.’

அழுதுவிட்டேன். கேலி செய்ய அவ்வளவு இடமிருந்தும் அந்த மனுஷி ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. ஒரு டெஸ்டை விட்டுக்கொடுக்கவும் இல்லை. சம்பளமில்லாத வேலையில் இவ்வளவு கறாரையும் இவ்வளவு பிரியத்தையும் ஒரே ஆளிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. டெஸ்ட் எழுதிப் பார்த்தேன். மைனஸ் குறிக்குப் பக்கத்திலேயே ஒரு கமா அசட்டுத்தனமாக வந்து நின்றது. அதையும் சரிசெய்து அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார். வேலையும் கிடைத்தது.

கொஞ்ச நாளில் அந்த ப்ராஜெக்டின் விதிமுறைகளில் புதிதாக ஒரு வரி முளைத்தது: ‘உறவினர்களின் சிபாரிசு தேவையில்லை, ஆனால் அவர்கள் வந்தால் மகிழ்ச்சி.’ மாமா அதை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் எல்லாரிடமும் காட்டுகிறார்.

"கோடு எழுதினது இவதான், இல்லன்னு சொல்லல. ஆனா வெளிநாட்டுல சட்டத்தையே மாத்தினது யாரு, அதைச் சொல்லு" என்பார்.

கணக்குப் பார்த்தால் நான் சேர்த்தது ஒரு கமா, அவர் சேர்த்தது ஒரு முழு வரி.