சில்வர் தம்ளரின் தன்வெப்பம்

கூடத்தில் இருந்தவர்கள்: பெண்ணின் அப்பாவான பெரியவர், அவர் மனைவி, ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மூத்த மாப்பிள்ளை, கல்யாணப் பெண், அவளைப் பார்க்க வந்த பையன், அவன் அம்மா, அப்பா. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்ட இரண்டு தம்ளர்களை.

வந்ததுமே பையனின் அம்மா பழத்தட்டை நீட்டி, "சில்வர் தட்டு" என்று அழுத்திச் சொல்லியிருந்தாள். பெரியவர் விட்டுக்கொடுப்பவரா?

"எங்க வீட்ல தண்ணி குடிக்கறதே சில்வர் தம்ளர்லதான்!"

பொய்யில்லை. எவர்சில்வரை ஊரே சில்வர் என்றுதான் சொல்கிறது. ஆனால் வந்தவர்களின் கண்கள் விரிந்தன. அந்த நேரம் பார்த்துத் தம்ளர்கள் பிரிய மறுத்தன.

மூத்த மாப்பிள்ளை மின்அடுப்பும் வெப்பமானியுமாக வந்தார். "வெளித் தம்ளர் சூடானா விரியும், உள்ளது கழண்டுடும். சூடு அதிகமானா உள்ளதும் விரிஞ்சு இறுகிக்கும். கணக்காத்தான் செய்யணும். என்ன உலோகம் மாமா?"

"அதான் சொன்னேனே, சில்வர்."

"ஓ, வெள்ளியா! தன்வெப்பம் கம்மி, கொஞ்சம் சூட்டுலயே காய்ஞ்சுடும். இருநூறு கிராம், ஐம்பது டிகிரி ஏத்தணும்... ரெண்டாயிரத்து நானூறு ஜூல் போதும்."

பெரியவர் தலையாட்டிவைத்தார். இப்போது மறுத்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும்.

மாப்பிள்ளை வெப்பமானியைப் பார்த்து முகம் சுளித்தார். "பாதிகூட ஏறலையே!"

"காத்து ஜாஸ்தி." பெரியவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

மறுபடி வைத்தார்கள். போதவில்லை. பெரியவர் மின்விசிறியை நிறுத்தினார். அடுத்த தடவை உள்தம்ளரும் சேர்ந்து சூடேறி, இன்னும் இறுகியது. கூடமே வியர்த்தது.

"என்னங்க, நான் சொம்புலயே குடுத்துடறேனே."

"நீ சும்மா இரு!"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "மாமா, இது வெள்ளியை விட ரெண்டு மடங்கு சூடு கேக்குது. கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்!"

பெரியவர் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "உன் கணக்குதான் தப்பு!"

"அப்ப நிஜ வெள்ளியை வச்சே பாத்துடலாம்." மாப்பிள்ளையின் கை பழத்தட்டை நோக்கி நீண்டது.

பையனின் அம்மா தட்டை மடியில் இழுத்துக்கொண்டாள். "பழம் இருக்கு!"

"எடுத்து வச்சுக்கலாம் அம்மா" என்றார் மாப்பிள்ளை.

பையன் குறுக்கே கை நீட்டினான்.

"வேண்டாங்க. எங்க தட்டும் உங்க மாமா சொன்ன அதே சில்வர்தான்."

அன்றோடு கல்யாணம் நின்றுபோனதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. கல்யாணம் நடந்தது, நின்றுபோனது மூத்த மாப்பிள்ளை கணக்குப் போடுவதுதான்.