பனிப்பலகையும் என் வலது காலும்

மயூர் விஹார், தில்லி
16 அக்டோபர் 2005

சிரஞ்சீவி ராஜசேகரனுக்கு அத்தான் சிவஞானம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் காந்திமதியும் நலம். குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை. அங்கு டென்வரில் நீயும் மனைவி மக்களும் குளிர் தாங்கிச் சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை. 1988-இல் விசா நேர்காணலுக்கென்று நீ வாங்கிக்கொண்டு போன என் நீலக் கோட்டும் அங்கே சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசப்போவதில்லை என்று பதினேழு வருடங்களாகச் சொல்லி வருகிறேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

உன் ஈமெயிலை மார்க்கெட் சைபர் கஃபேயில் அச்சடித்து வாங்கிவந்து, கோப்பில் போட்டு, பக்க எண் கொடுத்துப் படித்தேன். உன் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர், இரண்டு காலையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிற பனிப்பலகையை ஆளுக்கேற்றபடி செய்து தருகிறார், நவம்பர் பத்தாம் தேதிக்குள் அளவுகள் கிடைத்தால் டிசம்பரில் நீ வரும்போது கையோடு கொண்டுவருவாய், ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் மாற்ற முடியாது, ஏனென்றால் அவர் பலகையில் விரல் பக்கத்து விளிம்பு ஒரு வளைவு, குதிகால் பக்கத்து விளிம்பு வேறு வளைவு, முன்னால் நிற்பது எந்தக் கால் என்பதைப் பொறுத்துப் பலகையே இடவலமாக மாறிவிடும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். நல்லது. கடைசியில், “அத்தான், அம்பத்திரண்டு வயசுல இது தேவையா?” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய் பார், அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

போன பிப்ரவரியில் எங்கள் குடியிருப்பு சொஸைட்டிக்காரர்கள் எல்லோருமாக ஒரு பஸ் பேசி இமயமலையில் இருக்கும் அவுலிக்குப் பனி பார்க்கப் போனோம். ரங்கராஜனும் வந்திருந்தார். உனக்கு ரங்கராஜனைத் தெரியாது. அது நீ செய்த புண்ணியம். நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் எழுதும் குறிப்புகளுக்குக் கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒற்றைச் சொல் எழுதியே அவர் டெபுடி செக்ரட்டரி ஆகிவிட்டார். நான் அண்டர் செக்ரட்டரியாக இருந்து இன்னும் அவருக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். போதாததற்கு எங்கள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் குடியிருக்கிறார். ஆபீஸிலும் எனக்கு மேலே, வீட்டிலும் எனக்கு மேலே. அவர் துளசிக்கு ஊற்றும் தண்ணீர் என் வேட்டியில் சொட்டுகிறது. கேட்டால், “தீர்த்தம் ஓய், நல்லதுதானே” என்பார். அப்பேர்ப்பட்டவர் அவுலியில் காலில் இரண்டு நீளக் கட்டைகளையும் கையில் இரண்டு குச்சிகளையும் மாட்டிக்கொண்டு ஏதோ பிறந்ததிலிருந்தே இமயமலையில் இருப்பவர் மாதிரி சறுக்கிக்காட்டினார். நான் சும்மா இருப்பேனா? எனக்கும் கொடு என்றேன். ஆனால் அந்தச் சறுக்குக்கட்டைக்கான பூட்ஸ் இருக்கிறதே, அது பூட்ஸ் இல்லை, இரும்புப்பெட்டி. உள்ளே காலை விட்டதும் என் ஆணிக்கால் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கோவேறு கழுதை திரும்பிப் பார்த்தது. அப்போது பயிற்சியாளர் நேகி, “சாப், ஆப் போர்டு லீஜியே. ஜூத்தா நரம் ஹை” என்று, பலகைக்கு மிருதுவான பூட்ஸ்தான் என்று சொல்லி, ஒரு பனிப்பலகையையும் மெத்தென்ற ஒரு ஜோடி பூட்ஸையும் நீட்டினார். போட்டுப் பார்த்தேன். உன் அக்காளைக் கட்டிக்கொண்ட அன்று உங்கள் வீட்டில் எனக்கு வாங்கித் தந்த செருப்புகூட அத்தனை சுகமாக இருந்ததில்லை.

மூன்று நாளில் நாற்பத்தொரு தடவை விழுந்தேன். எண்ணியது நான் இல்லை, ரங்கராஜன். அந்த வாடகைப் பலகை ஒல்லி. பலகையை ஒரு விளிம்பில் சாய்த்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூட்ஸ் நுனி பனியில் உரசும். பலகை நின்றுவிடும், நான் நிற்க மாட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம், எப்படி என்று கேட்காதே, பலகை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் முன்பக்கமாகிவிட்டது. நான் கத்திக்கொண்டே சாய்ந்தேன். விழவில்லை. பனி தூளாகப் பறக்கவில்லை, சரசரவென்று சத்தமும் இல்லை. வழுவழுவென்று ஒரு அரைவட்டம் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சரிவில், கூராகச் சீவிய பென்சிலால் போட்ட மாதிரி, ஒரே ஒரு மெல்லிய கோடு. இதற்குப் பெயர் கார்விங் என்றார் நேகி. ராஜசேகரா, இருபத்தொன்பது வருட உத்தியோகத்தில் நான் எழுதியதில் ஒரு வரியாவது அடித்தல் திருத்தல் இல்லாமல் மேலே போனதில்லை. அந்தக் கோட்டை மட்டும் யாரும் திருத்தவில்லை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். ரங்கராஜன் வந்தார். “ஓய், அது தானா விழுந்த கோடு. நீர் போட்டதில்லை” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “அடுத்த பிப்ரவரி இதே சரிவில் மேலேயிருந்து கீழே வரைக்கும் பத்துக் கோடு போடறேன், நீரே எண்ணும்” என்று சொஸைட்டி முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டேன். இப்போது புரிகிறதா, தேவையா இல்லையா என்று? கோடு விழாவிட்டால் மனுஷர் இந்தக் கதையை என் ரிடையர்மென்ட் விழாவில் மைக் பிடித்துச் சொல்வார்.

ஆகவே அளவுகளைக் கவனமாகக் குறித்துக்கொள். நீளம் நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர். என் எடை எழுபத்தெட்டு; உன் அக்காள் எண்பத்தொன்று என்பாள், அது சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது. விறைப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். மெத்தென்ற பூட்ஸ் வளைந்துகொடுக்கும். பலகையும் வளைந்துகொடுத்தால் விளிம்பு பனியைப் பிடிக்காது. அதற்காக இரும்புத் தகடு மாதிரி இருந்தால் என் முழங்கால் அதை மடக்காது. நடுவில் நல்ல விறைப்பு, முனையில் கொஞ்சம் இளக்கம் இருக்கட்டும். என்னைப் போல என்று வைத்துக்கொள்ளேன். உன் அக்காள் நேர்மாறாகச் சொல்வாள், கேட்காதே.

முக்கியமானது இடுப்பு. பலகைக்கு நடுவில் ஒடுங்கிய இடத்துக்கு இடுப்பு என்றுதான் பெயராம். பலகையிலும் கெட்டி பூட்ஸ் போடுகிறவர்கள் கால்களை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஒல்லி இடுப்பில் நின்றுவிடுவார்கள். மெத்தென்ற பூட்ஸில் கால் கிட்டத்தட்டக் குறுக்காக நிற்கும். இடுப்பு ஒல்லியாக இருந்தால் விரலும் குதிகாலும் தில்லிக்காரர்கள் இழுத்துக் கட்டிய பால்கனி மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் கால் அளவைச் சொல்லி எத்தனை அகலம் வேண்டும் என்று கேட்க நேகிக்கு அவுலி அடிவாரத்து ஜோஷிமட்டுக்கு எஸ்.டி.டி. போட்டேன். லைன் சரியில்லை. “கமர் கித்னீ? அரே பாய், கமர், கமர்!” என்று நான் கத்த, சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் உன் அக்காள்.

“யாரு இடுப்பை இப்படித் தெருவுக்குக் கேக்க விசாரிக்கிய?”

“பலகை இடுப்புட்டி. இருபத்தேழு சென்டிமீட்டராம்.”

“இருபத்தேழா? அந்த இடுப்புல சோறு எங்க போகும்?” என்றாள். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. குழம்பு அடிப்பிடித்தது. அதற்கும் நான்தான் காரணம் என்று முடிவாயிற்று. இடுப்பு இருபத்தேழு. எழுதிக்கொள்.

இனிமேல்தான் உன் கடைசிக் கேள்வி. எந்தக் கால் முன்னால்? என்னிடம் கேட்கிற கேள்வியா இது? வலது கால். அவுலியில் நேகி இதைக் கண்டுபிடித்த விதம் எளியது: தன் குடிசைக்குள் வரச் சொன்னார், நான் வாசலில் எந்தக் காலை எடுத்து வைக்கிறேன் என்று பார்த்தார், வலது என்று எழுதிக்கொண்டார். வேறு எதை வைப்பேன்? பரீட்சை ஹாலுக்குள்ளும், வேலையில் சேர்ந்த அன்று அமைச்சகத்துக்குள்ளும், இந்த வீட்டுக்குள்ளும் நான் வலது காலை வைத்துத்தான் நுழைந்தேன். (ரங்கராஜனும் அப்படியே நுழைந்தார், அவருக்கு மட்டும் பலித்தது, அது வேறு விஷயம்.) வலது காலை முன்வைப்பவனுக்கு உங்கள் ஊரில் ‘கூஃபி’ என்று பெயர் என்று எழுதியிருந்தாய். அகராதியைப் பார்த்தேன். அசடு என்று போட்டிருக்கிறது. மங்கலமாகக் காலெடுத்து வைப்பவன் அசடாம்! இதையும் நான் மறக்கப்போவதில்லை. ஆனால் நீ சொன்ன சோதனையைச் செய்யாமல் விடவில்லை. ஆள் அசந்திருக்கும்போது பின்னாலிருந்து தள்ள வேண்டும், தன்னிச்சையாக எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுதான் முன்கால் என்று சொல்லியிருந்தாய் அல்லவா? உன் அக்காளைக் கூப்பிட்டேன்.

“இதென்ன கூத்தா இருக்கு! கட்டின புருஷனைப் பின்னால நின்னு தள்ளச் சொல்லுதியளே?”

“சாஸ்திரத்துக்காக இல்ல, பலகைக்காக. தள்ளு.”

“சரி, வலது காலை எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளினாள். வலது கால் போயிற்று.

“சொல்லாமத் தள்ளணும் காந்தி!”

“சொல்லாமத் தள்ளி நீங்க இடதை வச்சுட்டியன்னா? பிள்ளையார் படத்துக்கு முன்னால நிக்கோம்லா?”

மூன்று தடவை தள்ளினாள். மூன்று தடவையும், “வலது காலை எடுத்து வைங்க!” என்று மேல் மாடி வரைக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுத்தான் தள்ளினாள். மூன்று தடவையும் வலதுதான். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பட்டறைக்காரரிடம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடு: வலது கால் முன்னால், நீளம் நூற்று அறுபத்து நான்கு, இடுப்பு இருபத்தேழு, மெத்தென்ற பூட்ஸ். நிறம் எதுவானாலும் சரி, நீலம் மட்டும் வேண்டாம். காரணம் உனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகளுக்குத் தமிழில் நாலு வார்த்தை சொல்லிக்கொடு. போனில் என்னை அவர்கள் ‘ஹாய் சிவா’ என்பதை நான் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. எல்லோரும் நோய்நொடியில்லாமல், வழுக்கும் இடத்தில் வழுக்காமல், சறுக்க வேண்டிய இடத்தில் சறுக்கிக்கொண்டு, நெடுநாள் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
சிவஞானம்

பின்குறிப்பு: உறையைப் பிரித்து மறுபடி எழுதுகிறேன். தபாலில் சேர்க்கக் கீழே இறங்கும்போது மாடிப்படியைக் கழுவிவிட்டிருந்தார்கள். வழுக்கிற்று. இரண்டு படி நின்றவாக்கிலேயே சறுக்கிப் போய் விழாமல் நின்றேன். பின்னால், “ஓய்! உம்ம இடது கால்னா முன்னாடி போச்சு!” என்று குரல். ரங்கராஜன். “உங்காத்து மாமி வலது வலதுன்னு கத்தினது மேல வரைக்கும் கேட்டுது. இப்பப் பாரும், இடது” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீழே முற்றத்தில் நிற்கவைத்து, நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் தள்ளினார். இடது. பால் பூத் பக்கம் நடக்கும்போது ஏதோ கேட்பது மாதிரி பேச்சுக்கொடுத்துவிட்டுத் தள்ளினார். இடது. அவுலியில் பலகை சுற்றிக்கொண்டு இடது கால் முன்னால் வந்தபோதுதான் அந்தக் கோடு விழுந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “அந்தக் கட்டைப் பூட்ஸ்ல எனக்குக் கால் நகம் ரெண்டு போயிடுத்து ஓய். வெளில சொல்லிக்கலை. நீர் அந்தக் கோட்டைப் போட்டுட்டு நின்னபோது எனக்குப் பொறாமையா இருந்தது. எனக்கும் ஒரு பலகை சொல்லுமேன்” என்றார். எந்தக் கால் என்று தெரியாதே என்றேன். “தள்ளிப் பாரும்” என்றார். இருபத்தொன்பது வருடமாக நான் செய்ய நினைத்த காரியத்தை அவரே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதால் மூன்று தடவை செய்தேன்; மூன்றாவது அவசியமில்லை. அவருக்கு வலது. எடையும் கால் அளவும் எங்கள் இருவருக்கும் ஒன்றே.

ஆகவே மேலே உள்ளதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். அது ரங்கராஜனின் ஆர்டர். ‘நான்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘ரங்கராஜன்’ என்று வாசித்துக்கொள். அவரைத் திட்டியிருக்கும் பத்தியை மட்டும் வாசிக்காமல் விடவும். எனக்கு அதையே அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாற்றி இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கொண்டுவா. என்னுடையது மட்டும் ஒரு சென்டிமீட்டராவது நீளமாக இருக்கும்படி பார்த்துக்கொள்.