ஜாக்கிரதையாகச் சுத்தம் செய்த துளை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நான் நலம், உங்கள் மாமியாரும் நலம். வீட்டைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு, எல்லாப் பக்கமும் தீர யோசித்த பிறகு, என் ஃபோனில் சார்ஜர் செருகும் துளையைச் சுத்தம் செய்வது என்று முடிவெடுத்தேன். ஆறு சதவீதம்தான் மிச்சம். வயரை எப்படிச் செருகினாலும் ஏறவில்லை. அன்று பகல் பன்னிரண்டுக்குள் வீட்டுக்காரர் ஃபோனில் கூப்பிட்டு, நாங்கள் இந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாமா, மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டுமா என்று சொல்வதாக இருந்தது. பதினான்கு வருடமாக இருக்கும் வீடு. எனவே சார்ஜ் ஏறியே ஆக வேண்டும். முந்தின நாள் உங்களிடம் கேட்டபோது, “உள்ள பஞ்சு அடைச்சிருக்கும் மாமா. ஃபோனை ஆஃப் பண்ணிட்டு, பல்குச்சியால மெதுவா எடுத்துடுங்க. ஊசி, கீசி வேணாம். ஜாக்கிரதை” என்றீர்கள். ஜாக்கிரதை என்ற சொல்லை என்னிடம் லேசாகச் சொல்லக் கூடாது, மாப்பிள்ளை. தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக முப்பத்தோரு வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்காகத்தான்.

ஃபோனை அணைத்தேன். சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பூட்டையும் அட்டையையும் தேடி எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மின்பெட்டிக்குப் போனேன். எந்த ஸ்விட்ச் எந்த வீட்டுக்கு என்று எழுதியிருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது. சந்தேகம் வந்தால் மொத்தத்தையும் நிறுத்து என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நிறுத்தினேன். யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதே என்று பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, “வேலை நடக்கிறது, தொட்டால் உயிருக்கு ஆபத்து” என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். துணி துவைக்கும் மெஷின் பாதிச் சோப்போடு நின்றுவிட, உங்கள் மாமியார் வெளியே வந்தார்.

“சார்ஜரைத்தான் பிடுங்கியாச்சே, அப்புறம் எதுக்குங்க மெயினை நிறுத்துனீங்க?”

“விபத்து நடக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க.”

“பல்குச்சியால குத்துறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நல்ல காலம், பல்லு குத்துறப்ப ஊரையே இருட்டாக்காம இருந்தீங்க.”

கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, டார்ச் வெளிச்சத்தில் வேலையை ஆரம்பித்தேன். பல வருடச் சட்டைப் பைப் பஞ்சு, சின்னப் பஞ்சணை செய்யும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசி உருண்டையை நெம்பும்போது குச்சியின் முனை உடைந்து உள்ளே தங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றார்.

“சார், லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சு! பூட்டைத் தொறங்க!”

“வேலை முடியலையே. பாதி வேலையில பூட்டை எடுக்கக் கூடாது.”

“உள்ள கத்துறாரு சார்!”

“கத்துறார்னா மூச்சு இருக்கு. பயப்படாதீங்க.”

குச்சி முனையைச் சாமணத்தால் எடுத்திருக்கலாம். ஆனால் உலோகம் கூடாதல்லவா? இன்னொரு குச்சியைச் சீவி எடுப்பதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. வேலை முடிந்ததைச் சரிபார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, விதிப்படி பூட்டைத் திறந்தேன். லிஃப்ட் கீழே வந்தது. உள்ளே சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து வீட்டுக்காரர் நின்றார்.

நான் பதறவில்லை. விபத்து அறிக்கைப் படிவம் ஒன்று என்னிடம் இருந்தது. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பேனாவையும் கொடுத்தேன். “விபத்துக்கான காரணம்” என்ற இடத்தில் அவர் “குடியிருப்பவர்” என்று எழுதினார். பிறகு எழுந்து, “மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். ஃபோனில் சொல்லக் கூச்சப்பட்டு, அதை நேரில் சொல்லத்தான் வந்திருப்பார், எப்படியும் போக வேண்டியவர்கள்தானே என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

அன்றே உங்கள் மாமியார் ஃபோனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பூட்டியவர்தான் திறக்க வேண்டும் என்பது என் விதி, அதனால் கேட்க முடியவில்லை. இந்தக் கடிதம் அதனால்தான். நான்கு வீடுகள் பார்த்தோம். இரண்டில் எங்கள் வயதைக் கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவதில் ஜன்னல் இல்லை. நான்காவதில் மின்பெட்டியைக் காட்டச் சொன்னேன். அதோடு பேச்சு முறிந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஆனாலும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் இரண்டு அறைக்கு ஏற்கெனவே நான்கு பேர். என்ன ஆனாலும் அங்கு வந்து பாரமாக இருக்க மாட்டோம், இது உறுதி.

மகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. தங்களுக்கு நீண்ட ஆயுளும் அடைப்பில்லாத வாழ்வும் அமையட்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மாமியார் மனமிரங்கி ஃபோனைக் கொடுத்தார். நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது. நூறு சதவீதம். திறந்ததும் வீட்டுக்காரர் ஞாயிறு காலை பத்து ஐம்பதுக்கு அனுப்பிய செய்தி வந்தது: “உங்க ஃபோன் ஆஃப்ல இருக்கு. இன்னும் மூணு வருஷம் தாராளமா இருங்க. இந்தப் பக்கம்தான் வர்றேன், நேர்லயே சொல்லிடறேன்.” வீட்டை அவர் நேற்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். சாமான் லாரி புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் வாசலுக்கு வரும்.