என் முகத்தில் ஓடிய படங்கள்

வெள்ளவத்தை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நாகேந்திரம் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கு என் முகத்தைத் தவிர எல்லாம் நலம். அங்கு உங்கள் சுகத்தையும் அத்தானின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல்.

என் மகன், உங்கள் மருமகன் சாரங்கன் சினிமாவில் மேக்கப் போடுகிறான் என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறீர்களே, யாருடைய முகத்தில் போட்டுப் பழகுகிறான் என்று கேட்டீர்களா? பேய்ப் படம் கிடைத்தபோது என்னைப் பிணமாக்கினான். வட்டிலப்பம் கொண்டுவந்த மேல்வீட்டு அஸீஸா, கதவைத் திறந்த என்னைக் கண்டதும் தட்டோடு படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தது அடிதடிப் படம். கழுத்தில் வெட்டுக்காயம் இருப்பதை மறந்து தேங்காய் வாங்கப் போனேன். சந்தையே திரண்டு என்னை ஓட்டோவில் ஏற்றி, "அங்கிள், கதைக்காதேங்கோ, ரத்தம் போகும்" என்று ஆஸ்பத்திரி வாசல் வரை வாயைத் திறக்க விடவில்லை. காதல் படத்திலாவது தப்பினேன் என்றிருந்தேன், கதாநாயகியின் கண்மையும் எனக்குத்தான்!

இப்போது பக்திப் படம். தாடியும் சடையும் ஒட்டி, பொருத்தம் பார்க்கக் காவியும் கட்டிவிட்டான். பசையோ கழலவே மாட்டேன் என்கிறது. அதைக் கரைக்க மண்ணெண்ணெய் வாங்கலாம் என்று லிஃப்டில் இறங்கினால், ஒருவர் சடாரென்று என் காலில் விழுந்தார். பார்த்தால், நீங்கள் சாரங்கனுக்குப் பேசிக் குடும்பப் போட்டோ அனுப்பிய பெண் உஷாந்தியின் தகப்பன் குலசிங்கம்! மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் சத்தமில்லாமல் விசாரிக்க வந்திருக்கிறார்.

"சாமி, மேல இருக்கிற மேக்கப்காரப் பெடியன் எப்பிடி?"

"தங்கம்" என்றேன். அது பொய்யில்லை.

"தேப்பன்?" என்று தகப்பனான என்னைப் பற்றி என்னிடமே கேட்டார்.

நான் என்ன செய்ய, அக்கா? சினிமாக்காரன் என்று போன இடமெல்லாம் கலியாணம் தட்டிப்போன பிள்ளை. இதுவும் குழம்பினால் என் நெஞ்சு தாங்காது. "அவர் பத்தரைமாத்துத் தங்கம்" என்று சொல்லி விபூதியும் பூசிவிட்டேன். மனுசன் கண் கலங்கி, "அப்ப எனக்குச் சம்மதம் சாமி" என்று போய்விட்டார். இனி நான் சம்பந்தி என்று அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பேன்? ஆகவே, மாமி என்ற உரிமையில் சாரங்கனுக்குப் போன் எடுத்து, அந்த மேக்கப் பெட்டியை இன்றைக்கே எறியச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவை சாமியின் ஆசிகள் அல்ல, வெறும் மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
தாடை எரியும் தம்பி
நாகேந்திரம்

பி.கு.: குலசிங்கம் இப்போதுதான் போன் எடுத்தார். கலியாணத்துக்கு நாள் வைத்தாகிவிட்டதாம். "அந்தச் சாமி வந்து ஆசீர்வதிச்சால்தான் தாலி" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆகவே பெட்டியை எறிய வேண்டாம். சாமியாக நான் வருகிறேன். தகப்பனாக நிற்க அத்தானை உடனே பஸ் ஏற்றிவிடுங்கள், சாரங்கன் என் முகத்தை அவருக்குப் போட்டுவிடுவான். முழங்காலை வேட்டி மறைக்கும்.