மூன்றாம் பெஞ்சில் காணாமற்போனவள்

தனுஷ்கோடி,
3 ஜனவரி 1952

கிறிஸ்துவுக்குள் அன்பான யோவான் அண்ணனுக்கு, தங்கை நேசபாய், பி.ஏ., தோத்திரத்துடன் எழுதுவது. நான் இங்கு சுகம். இங்கேதான் இருக்கிறேன் என்பதை மட்டும் யாரும் நம்பவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை வேலை கிடைத்தும், போன மாதம் என்னை இதே கப்பல்துறையில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்களே, இன்றும் தடுத்துவிட்டார்கள். பத்தாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. 1929இல் நீங்கள் பார்த்துவைத்த ஓவர்சியர் மாப்பிள்ளையை வேண்டாமென்று நான் இலங்கைக்குக் கப்பலேறியபோது, ஓடிப்போனாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, காணாமற்போனாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தீர்கள் அல்லவா, அந்த அறிவிப்பை இங்குள்ள அதிகாரி பத்திரமாக வைத்திருக்கிறார். வயது இருபத்திமூன்று; சிரித்த முகம்; புத்தி பேதலித்தவள், ஆங்கிலம் பேசுவாள். அதிகாரி படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, “இதுல சிரிக்கிறீங்களே?” என்றார். அது பட்டம் வாங்கிய அன்று எடுத்தது, அதற்குப் பிறகு கருங்கல் ஊர்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன் என்றேன். உங்கள் முன்னால்தானே நிற்கிறேன் என்றும் சொன்னேன். “அம்மா, காணாமப் போனவங்க சொல்றதை எடுத்துக்க முடியாது. காணோம்னு எழுதிக் கொடுத்தவர் வந்து, கிடைச்சிட்டாங்கன்னு சொல்லணும்.” அறிவிப்பை அனுப்பிய திருவிதாங்கூர் சமஸ்தானமே இப்போது இல்லையே என்றேன். சமஸ்தானத்தைக் காணோம் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லையாம்.

எழுதிக் கொடுத்தவர் நீங்கள். அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கே நான் திரும்பி வந்தேன். பஸ்ஸிலிருந்து என் பெட்டியை இறக்கியவரும் நீங்கள்தான். ஆனால் கிடைத்துவிட்டாள் என்று சபையில் சொன்னால், எங்கே போயிருந்தாள் என்று கேட்பார்களே! ஆகவே ஞாயிறுதோறும் ‘காணாமற்போன எங்கள் சகோதரி நேசபாய்க்காக’ என்று நீங்கள் ஜெபிக்க, மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஆமென் சொல்லி வருகிறேன். தங்கபாய் மதினி வேறு, “சத்தமாச் சொல்லு பிள்ளே, உனக்கு உள்ள ஜெபமாக்கும்” என்று விலாவில் இடிப்பாள். போன மாதம் உங்களிடம் கெஞ்சினேன். “ஏட்டி, இப்பம் போய் கிட்டிட்டாண்ணு சொன்னா, இம்புட்டு வருசமா எதுக்கு ஜெபிச்சோம்ணு சபை கேக்காதா? கர்த்தருக்குச் சித்தமானா நீ கிட்டுவ” என்றீர்கள்.

அண்ணா, கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்களை ஆசீர்வதித்து, உங்கள் தங்கை எங்கே இருக்கிறாள் என்பதை உங்களுக்குக் காட்டுவாராக.

இப்படிக்கு,
நேசபாய்

பின்குறிப்பு (4 ஜனவரி): வர வேண்டாம். என்னிடம் படித்த நம் சபைக்காரன் சுந்தர்சிங் இங்கே சுங்கத்தில் சேவகனாக இருக்கிறான். இன்று காலை அதிகாரியிடம், “சார், அந்த நேசபாய்க்கு எங்க சபையில இப்பமும் ஜெபிக்காவ. கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போனப்பமும் என் காதால கேட்டேன்” என்றான். ஒரு பொய்யும் இல்லை. “அப்ப அந்தம்மா இன்னும் கிடைக்கலை. நீங்க வேற நேசபாய்” என்றார் அதிகாரி. தப்பைக் கண்டால் திருத்துகிற வாத்தியார்ப் புத்தி, அது நான்தான் என்று வாயெடுத்தேன். “நீங்க சொல்றதை எடுத்துக்க முடியாதுன்னு நேத்தே சொன்னேனே!” என்று முத்திரை குத்திவிட்டார்.

இதை யாழ்ப்பாணத்தில் தபாலில் சேர்க்கிறேன். ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள், அண்ணா. வருகிற ஞாயிறு முதல் அது உண்மை.