குளத்தில் விழுந்த சமையல்காரன் நான்தான்

கார்டீனா, கலிபோர்னியா

மதிப்புக்குரிய ஆசிரியர் திருமதி ரோசலிண்ட் கவமோட்டோ அவர்களுக்கு,

முழங்கால் இரண்டையும் தவிர மற்றபடி நலமாக இருக்கும் டெட்சுவோ மொரினாகா எழுதிக்கொள்வது. தாங்களும் நலமென்று நம்புகிறேன். தங்கள் வியாழக்கிழமை இதழின் நான்காம் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து என் நலத்தில் கொஞ்சம் குறைந்துவிட்டது.

'வாத்தைத் தேடிய இன்ஸ்பெக்டர்' படத்துக்கு ஐம்பது வயதாகிறது, புதுப்பித்துச் சனிக்கிழமை நம்மூரில் திரையிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் 'சமையல்காரராக நடித்தவர்' என்று ஒரு முகத்தைப் போட்டீர்களே, அது நான் இல்லை, தோட்டக்காரராக நடித்த விங் லூயி. அவர் சீன வம்சம், நான் ஜப்பானிய வம்சம், அவர் என்னைவிட அரையடி உயரம். வெள்ளைக்காரப் பத்திரிகை குழம்பினால் போகிறதென்று விடலாம். அம்மா, நம் ஜப்பானிய வம்சத்தாருக்கே பத்திரிகை நடத்தும் நீங்களுமா?

இந்தக் குழப்பம் படப்பிடிப்பின் முதல் நாளே ஆரம்பித்தது. மதியச் சாப்பாடு கொடுத்த ஆபீஸ் அம்மாள் என்னைப் பார்த்ததும், "விங், இப்பத்தானே வாங்கிட்டுப் போனே, மறுபடியும் வந்து நிக்கிறியே!" என்றாள். "அது வேற ஆளுங்க" என்றேன். "கோட்டை மாத்திக்கிட்டு வந்தா எனக்குத் தெரியாதா?" என்று சாப்பாட்டை மூடிவிட்டாள். பெயர்ப் பட்டியலை டைப் அடித்ததும் அவளேதான், அதனால் படத்தின் முடிவில் சமையல்காரர், தோட்டக்காரர் இரண்டுக்கும் விங் லூயி என்றே ஓடியது. டைரக்டருக்கும் சந்தேகம் வரவில்லை, அவர் என்னிடம், "உங்க ஊர்ப் பேச்சு மாதிரி பேசுப்பா" என்றார், "எங்க ஊரு இதே கலிபோர்னியாவுல ஃபிரெஸ்னோங்க" என்றேன், "அது வேண்டாம்" என்றார். படம் முழுக்க எனக்கு ஒரே வசனம், 'ஐயா, சூப்.' இன்ஸ்பெக்டர் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது என் மூஞ்சியில் அடிக்கும், நான் விழுவேன். மொத்தம் பதினொரு தடவை.

கல்லூரியில் சினிமாப் பாடம் நடத்தும் என் தம்பி மகள் டெப்பி, "பெரியப்பா, அந்தப் படம் நம்மளை எவ்வளவு கேவலமாக் காட்டியிருக்கு!" என்று பொருமுகிறாள். "கேவலந்தாம்மா, ஆனா விழுந்தது நல்லா விழுந்திருக்கேன்ல?" என்றேன். அவள்தான் சண்டை போட்டு, புதுப் பிரதியில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பட்டியலை முடித்துவிடுவார்கள். உங்கள் பத்திரிகையைப் பார்த்து அவர்கள் மறுபடி விங் என்றே போட்டுவிட்டால், இன்னும் ஐம்பது வருஷம் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. சாவதற்குமுன் என் பெயரைத் திரையில் ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறேன்.

சமையல்காரர் சூப் கிண்ணத்தோடு ஜன்னல் வழியாகப் பறந்து மீன்குளத்தில் தலைகுப்புற விழுவாரே, ஊரே சிரித்ததே, அது நான்! புத்தாண்டுக்கு மோச்சி உருண்டை பிடிக்க அரிசி இடிக்கும்போதெல்லாம் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு இதைச் சொல்வேன். விங்கும் வருஷாவருஷம் வந்து கேட்பார், சிரிப்பார். ஆகவே உடனே திருத்தம் வெளியிடுங்கள்.

தங்கள் வீட்டாருக்கும் அச்சகத்தாருக்கும் என் வணக்கம். உங்கள் பெர்சிம்மன் மரம் இந்த வருஷமும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து மாளாதபடி காய்க்கட்டும்.

இப்படிக்கு,
டெட்சுவோ மொரினாகா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டெப்பி புதுப் பிரதியைக் கொண்டுவந்து போட்டாள். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. குளத்தில் விழுகிறவருக்கு, என் அளவுக்குத் தைத்த சமையல்காரக் கோட்டின் கை முழங்கையோடு நிற்கிறது. "பெரியப்பா, இது நீங்க இல்லையே!" என்றாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, குளத்துக் காட்சி எடுத்த அன்று கதவு என் முன்பல்லைப் பெயர்த்து, நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். விங்குக்குப் போன் போட்டேன். "இதைக் கண்டுபிடிக்க உனக்கு அம்பது வருஷமாடா?" என்றார். "ஏன் சொல்லலே?" என்றேன். "பேரை நான் வச்சிருந்தேன், விழுந்ததையாவது நீ வச்சுக்கோன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருத்தம் வேண்டாம். சமையல்காரர் என்ற இடத்தில் இரண்டு பெயரும் போடவைக்கும்படி டெப்பியிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இருவரும் வருகிறோம். உயரமாக இருப்பவர் விங்.